காகத்துக்கு வைத்த சோறும் நோர்பரி நரியும்

மூன்று வருடங்களாக ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானம் என் கணவருக்கு ஒரே பொய்யைச் சொல்லி வந்தேன். "காகம் எடுத்திட்டுது" என்பதுதான் அந்தப் பொய். அதைக் கேட்டதும் அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து மேசையில் இருப்பார். நான் சோற்றைப் போடுவேன். இருவரும் வயிறு நிறையச் சாப்பிடுவோம். பொய் சொன்ன குற்றத்தில் ஒரு நாளாவது எனக்குச் சோறு தொண்டைக்குள் இறங்காமல் நின்றதா என்றால், இல்லை. நன்றாகவே இறங்கியது.

சனி விரதம் பிடிக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சனீஸ்வரனுக்கு வாகனம் காகம். விரதக்காரர் எள்ளுச் சோறு சமைத்து, அதில் ஒரு பிடியை முதலில் காகத்துக்கு வெளியே வைக்க வேண்டும். காகம் வந்து கொத்திய பிறகுதான் வீட்டில் இருப்பவர்கள் வாய் வைக்கலாம். ஊர்க் காகங்களுக்கு இந்த ஏற்பாடு மனப்பாடம். லண்டனில், எங்கள் நோர்பரிக் காகங்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

விரதத்தை நான் ஆசைப்பட்டுத் தொடங்கவில்லை. கணவருக்கு ஏழரைச் சனி தொடங்கிவிட்டது, உயிருக்குக்கூடக் கண்டம் இருக்கிறது, மனைவி சனிக்கிழமை தவறாமல் விரதம் பிடிக்க வேண்டும் என்று சாத்திரியார் தொலைபேசியில் சொன்னார். சாதகம் அவருடையது, சனி அவருடையது, பட்டினி மட்டும் என்னுடையது. அப்போது எனக்கு வந்த கோபம் சனீஸ்வரனுக்கே தெரியும். ஆனாலும் முப்பது வருடம் கூட வாழ்ந்த மனிதருக்குக் கண்டம் என்று ஒருவர் சொன்ன பிறகு, போய்யா என்று போனை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

முதல் சனிக்கிழமை பின்வளவில் இருந்த ஒரு தட்டைக் கல்லைக் கழுவி, அதன்மேல் சோற்றையும் ஒரு பொரித்த அப்பளத்தையும் வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டேன். ஐம்பத்திமூன்று வயதில், கம்பளிச் சட்டைக்கு மேல் சேலை முந்தானையைச் சுற்றிக்கொண்டு, லண்டனில் ஒரு தோட்டத்தில் நின்று காகம்போலக் கத்துவது லேசான காரியம் அல்ல. எதிர்ப்பக்கத்து வீட்டு மேல் யன்னலில் திரை அசைந்தது. காகம் இருக்கத்தான் இருந்தது. புகைபோக்கியில் இருந்தபடி சோற்றைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, பிறகு பறந்து கடைத்தெருப் பக்கம் போய்விட்டது. அங்கே பொரித்த கோழி விற்கிறார்கள்.

அன்று மூன்று மணிவரை காத்திருந்தோம். கணவர் சோறு ஆறிக்கொண்டிருந்த குசினிக்கும் பின்கதவுக்கும் இடையே நடந்து நடந்து, "விரதம் உமக்கோ எனக்கோ?" என்று கேட்டார். அடுத்த சனிக்கிழமை ஒரு கறுப்பு வெள்ளைப் பறவை வந்து அப்பளத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போனது. அது காகத்தின் இனம்தான் என்று மகள் சொன்னாள். எனக்குச் சந்தேகம் தீரவில்லை. கோயில் ஐயருக்குப் போன் எடுத்துக் கேட்டேன். அவர் யாருக்கோ அர்ச்சனைச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார் போலிருந்தது. நோக்கம்தான் முக்கியம் அம்மா, எந்தச் சீவன் சாப்பிட்டால் என்ன என்று அவசரமாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். எந்தச் சீவன் சாப்பிட்டால் என்ன என்ற அந்த வார்த்தைகளை நான் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

நான்காவது சனிக்கிழமை நரி வந்தது. தோட்டச் சாமான் வைக்கும் ஷெட்டுக்குப் பின்னாலிருந்து, பட்டப்பகலில், தன் சொந்த வளவில் நடப்பதுபோல் வந்தது. வாலில் பாதிக்கு மயிர் இல்லை. ஒரு காது கிழிந்திருந்தது. என்னைப் பார்த்து நின்றது. நானும் அசையவில்லை. பிறகு அது கல்லுக்குப் போய் எள்ளுச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்று, அப்பளத்தை மொறுமொறுவென்று கடித்து, கல்லையும் நக்கிவிட்டுப் போனது. நேரம் ஒரு மணி. சோறு இன்னும் சூடாக இருந்தது. கணவர் உள்ளிருந்து காகம் எடுத்ததா என்று கேட்டார். ஓம், எடுத்திட்டுது என்றேன்.

அப்படித்தான் தொடங்கியது. இரண்டு மாதம் போவதற்குள் நரிக்கு நேரம் பழகிவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் கூப்பாடும் பழகிவிட்டது. "கா, கா" என்று நான் கூப்பிட்டால் ஷெட்டுக்குக் கீழேயிருந்து மூக்கு முதலில் வரும், பிறகு கிழிந்த காது வரும். உலகத்தில் காகம் என்று கூப்பிட்டால் வருகிற நரி என்னிடம் மட்டும்தான் இருந்தது. யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும்போல் இருக்கும். சொன்னால் விரதம் போய்விடும் என்பதால் வாயை மூடிக்கொண்டேன்.

சிரிப்பாக இருந்த காரியம் ஒரு சனிக்கிழமையோடு சிரிப்பு இல்லாமல் போனது. வெள்ளிக்கிழமை பின்னேரம் கணவருக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த நாள் காலையில் நெஞ்சைத் திறந்து ஒப்பரேஷன் என்றார்கள். உள்ளே கொண்டுபோன பிறகு மகளை அங்கே நிற்கவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்து எள்ளுச் சோறு சமைத்தேன். பைத்தியக்காரத்தனம் என்று மகள் சொன்னாள். அவள் சொன்னது சரிதான். கல்லில் சோற்றை வைத்துக் கூப்பிட்டேன். காகம் ஒன்றும் இல்லை, வானத்தில் ஒரு குருவிகூட இல்லை. நரி வந்தது. அது தின்று முடித்து நிமிர்ந்தபோது உள்ளே போன் அடித்தது. ஒப்பரேஷன் நல்லபடி முடிந்துவிட்டது என்றாள் மகள்.

இதில் ஒரு தர்க்கமும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவரைக் காப்பாற்றியது சத்திரசிகிச்சை வைத்தியர்தான், நரி அல்ல. ஆனால் பயந்த மனம் வைத்தியரின் சான்றிதழைப் பார்த்துக்கொண்டிருக்காது. அந்த நரி வந்து சாப்பிடும்வரைதான் இவர் இருப்பார் என்று என் மனதில் எங்கோ எழுதியாகிவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை அது ஐந்து நிமிடம் பிந்தினாலும் நான் பின்கதவுக்கும் கல்லுக்கும் நடந்துகொண்டிருப்பேன்.

கணவர் சுகமாகி வந்ததும் டொக்டர் அவருக்கு இரண்டு விடயம் சொன்னார். நடக்க வேண்டும், மனதுக்குப் பிடித்த ஒன்றைச் செய்ய வேண்டும். இருபது வருடம் மினிகேப் டாக்ஸி ஓட்டிய மனிதருக்கு நடப்பது பிடிக்காது. ஆகவே மனதுக்குப் பிடித்ததாக மூன்று கோழிகளை வாங்கி வந்தார். கென்ட் பக்கத்துப் பண்ணையில் வாங்கிய அந்தக் கொழுத்த வெள்ளைக்காரக் கோழிகளை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நாட்டுக்கோழி என்று அறிமுகப்படுத்தினார். அவை என் புதினாவைத் தின்றன. கறிவேப்பிலைச் சாடியைக் கிளறிக் கவிழ்த்தன. ஆனால் காலையில் சாரம் கட்டியபடி நின்று அவற்றோடு அவர் கதைப்பதைப் பார்க்கும்போது, இந்த மனிதர் இன்னும் கொஞ்ச நாள் இருக்க யோசித்திருக்கிறார் என்று எனக்கு ஆறுதலாக இருக்கும். அதற்காகப் புதினாவைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை இரண்டு கோழிகளைக் காணவில்லை. இறகுதான் கிடந்தது. மூன்றாவது கோழி ஷெட்டின் கூரையில் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தது. அவர் வெறுங்காலோடு ஈரப்புல்லில் நின்று இறகுகளைப் பொறுக்கினார். அவர் அழுததை நான் பார்க்காததுபோல் உள்ளே போய்த் தேத்தண்ணி போட்டேன். யார் செய்த வேலை என்று எனக்குத் தெரியும். அந்தச் சனிக்கிழமையும் அதே நரிக்குச் சோறு வைத்தேன் என்பதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன். சோற்றை வைத்துவிட்டு, நீ ஒரு நன்றி கெட்ட சென்மம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அது அப்பளத்தைக் கடித்தது.

கணவர் போர் தொடுத்துவிட்டார். நரியைக் கொல்ல வேண்டும், கொல்ல அனுமதி இருக்க வேண்டும், அனுமதிக்காத அரசாங்கம் என்ன அரசாங்கம் என்று சாப்பாட்டு மேசையில் தினமும் பேச்சு. ஒரு நாள், "கேட்டுக் கேள்வியில்லாமல் வந்து, மற்றவன்ரை வளவிலை குடியேறி, குட்டியும் போட்டுக்கொண்டு, ஓசியிலை சாப்பிடுது" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் முன்வீட்டுக்காரன் ஒருவன் எங்களைப் பற்றிச் சொன்னதும் சொல்லுக்குச் சொல் இதேதான். அன்று இவர் அதைக் கேட்டுவிட்டு வந்து சாப்பிடாமல் படுத்தவர். அதை ஞாபகப்படுத்தினேன்.

"அதுவும் இதுவும் ஒண்டோ?" என்றார். "நாங்கள் மற்றவன்ரை கோழியைப் பிடிச்சனாங்களோ?"

நான் எழும்பி மேசையைத் துடைத்தேன்.

பக்கத்து வீட்டில் இருப்பவரை நாங்கள் ஜேர்மன் அண்ணை என்போம். யாழ்ப்பாணத்துக்காரர்தான். இருபது வருடம் ஜேர்மனியில் இருந்துவிட்டு, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று லண்டனுக்கு வந்தவர். பிள்ளைகள் படித்து முடித்துவிட்டார்கள், அவர் மட்டும் இந்த நாட்டை இன்னும் மன்னிக்கவில்லை. குப்பை வாளி பிந்தி எடுத்தாலும் கவுன்சிலுக்குக் கடிதம் எழுதுவார். நரி விடயத்தில் அவர் கணவரோடு சேர்ந்துகொண்டார். ஜேர்மனியில் இதற்கென்றே சோதனை பாஸ் பண்ணி லைசன்ஸ் எடுத்த வேட்டைக்காரர்கள் இருக்கிறார்கள், ஒரு பகுதிக்கு ஒருவர், எல்லாம் ஒழுங்கு என்றார். கவுன்சிலுக்கும் எழுதினார். நரி பிடிப்பது எங்கள் வேலை அல்ல, அவையும் நகரத்தில்தான் வாழ்கின்றன, குப்பை வாளியை நன்றாக மூடுங்கள் என்ற பொருளில் மரியாதையாகப் பதில் வந்தது. தன்னிடமே குப்பை வாளியை மூடச் சொல்லிவிட்டார்களே என்று அண்ணை இரண்டு நாள் கொதித்தார்.

அந்த நேரம் பார்த்து புளோரிடாவிலிருந்து என் தங்கை வீடியோவில் வந்தாள். அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குளம் இருக்கிறது. அந்தக் குளத்தில் ஒரு முதலை இருந்தது. எங்கள் ஊர் முதலையைவிட மூக்கு அகலமான சாதி. அதைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றாள். கணவர் போனை என் கையிலிருந்து வாங்கிவிட்டார். யார் பிடித்தது, எப்படிப் பிடித்தது என்று கேட்கத் தொடங்கினார். அங்கே ஒரு இலக்கத்துக்குப் போன் எடுத்தால் அனுமதி பெற்ற ஆள் கயிற்றோடு வருவான், பெரிய முதலை என்றால் திரும்பவும் விடுவதில்லை, கொல்வதுதான், வருடத்தில் ஒரு பருவத்துக்கு லைசன்ஸ் எடுத்து வேட்டையாடவும் விடுகிறார்கள் என்றாள் தங்கை. கணவர் என்னைப் பார்த்தார். அதல்லவா நாடு என்றார்.

தங்கை என்னோடு தனியாகக் கதைக்க வேண்டும் என்றாள். நான் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனேன். அவள் முகம் வீங்கியிருந்தது. அங்கே முதலைக்குத் தீனி போடுவது சட்டப்படி குற்றம். இவள் ஒரு வருடமாக மீன் வெட்டிய தலையும் குடலும் போட்டு வந்திருக்கிறாள். குப்பையில் போட்டால் நாறும் என்று தொடங்கியதாம். மீன் பொரிக்கிற இரும்புத் தாச்சியில் கரண்டியால் தட்டினால் முதலை கரைக்கு வரும். பிறகு தட்டாமலே வந்தது. பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் பந்து விளையாடும் இடத்திலும் வந்து கிடந்தது. அந்த வீட்டுக்காரர் முதலை பிடிக்கிறவர்களுக்குப் போன் எடுத்துவிட்டார்கள்.

"பிடிக்கிறவன் வந்து ரெண்டு மணித்தியாலம் நிண்டவன் அக்கா. அது தண்ணிக்குள்ளயே கிடந்தது. ஆராவது இதுக்குச் சாப்பாடு போட்டதோ, எப்பிடிக் கூப்பிடுறது எண்டு கேட்டான். நான்தான் தாச்சியைத் தட்டினனான்."

பிள்ளைகள் விளையாடுகிற இடம், பிடித்தது பிழை என்று தான் சொல்ல மாட்டாள் என்றாள். ஆனால் அது வந்தது தன்னை நம்பித்தான் என்றாள். அந்தத் தாச்சியை வெளியே எறிந்துவிட்டாளாம். நான் ஆறுதலாக ஏதோ சொன்னேன். சொல்லும்போது என் பின்வளவுக் கல்தான் கண்ணுக்குள் நின்றது.

முதலைக் கதையில் உற்சாகம் பெற்ற கணவரும் ஜேர்மன் அண்ணையும் அடுத்த கிழமையே ஒரு ஆளைப் பிடித்தார்கள். எலி, குளவி, நரி எல்லாவற்றுக்கும் வருகிறவர். பெரிய பூட்ஸ் போட்ட, மெதுவாகப் பேசுகிற வெள்ளைக்காரர். வீடுகள் நெருக்கமாக இருப்பதால் கூண்டு வைப்பதுதான் வழி என்றார். உள்ளே தீனி, நரி போனதும் கதவு விழும், பிறகு தான் வந்து கூண்டுக்குள்ளேயே காரியத்தை முடிப்பேன், அதற்குத் துன்பம் தெரியாது என்றார். சட்டத்தில் இடமுண்டா என்று நான் கேட்டேன். முறையாகச் செய்தால் உண்டு என்றார். அது சட்டப்படி பிழை என்றிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

கூண்டுக்குள் கோழித் துண்டு வைத்தார்கள். மூன்று நாள் நான் குசினி யன்னலுக்குப் பக்கத்திலேயே நின்றேன். நரி வந்து, கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி மோந்து பார்த்து, போய்விட்டது. கடையில் வாங்கிய செத்த கோழியில் அதற்குப் பிடிப்பில்லை என்று எனக்குப் பட்டது. நெய் விட்ட சோறு தின்று பழகிய வாய் அது. நான்காம் நாள் காலை கூண்டின் கதவு விழுந்திருந்தது. கணவர் ஓடினார். ஜேர்மன் அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். உள்ளே அண்ணையின் பூனை இருந்தது. கோழித் துண்டு முழுவதையும் முடித்துவிட்டு, கூண்டின் மூலையில் சுருண்டு நித்திரை. ஜேர்மனியிலிருந்து வரவழைத்த தகரப் பேணியில் அடைத்த சாப்பாடு மட்டும் சாப்பிடுகிற பூனை என்று அண்ணை எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்த பூனை அது. இந்த நாட்டில் ஒரு கூண்டைக்கூட ஒழுங்காக வைக்கத் தெரியாது என்று சொல்லி, பூனையைத் தூக்கிக்கொண்டு அவர் போராட்டத்திலிருந்து விலகிவிட்டார். நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தேன். அதற்குப் பிறகு அவ்வளவு சிரிக்கக் கிடைக்கவில்லை.

கூண்டுக்காரர் மறுபடியும் வந்தார். வியாழக்கிழமை, நல்ல வெயில். நரி கோழியைத் தொடவில்லை என்றால் வேறெங்கோ ஒழுங்காகச் சாப்பிடுகிறது என்று சொல்லி வளவைச் சுற்றிப் பார்த்தார். கல்லுக்குப் பக்கத்தில் நரியின் எச்சம் கிடந்தது. குந்தியிருந்து ஒரு குச்சியால் அதைக் கிளறினார். உள்ளே சின்னச் சின்னதாகக் கறுப்பு விதைகள். இது என்ன விதை, இங்கே என்ன பழம் காய்க்கிறது என்று கேட்டார். கணவர் குனிந்து பார்த்தார். மூன்று வருடமாகச் சனிக்கிழமைதோறும் என் கையால் எள்ளுச் சோறு சாப்பிட்ட மனிதர். மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எள்ளு" என்றார்.

தப்ப வழியில்லை. கூண்டுக்காரருக்கு ஆங்கிலத்தில் விளக்கினேன். சனிக்கிழமை, ஒரு மணி, இந்தக் கல், இந்தச் சோறு. கூப்பிட்டுத்தான் கொடுப்பேன் என்றதும் எப்படிக் கூப்பிடுவீர்கள் என்றார். அந்த மனிதருக்கு முன்னால் "கா, கா" என்று ஒருமுறை சொல்லிக் காட்ட வேண்டியதாயிற்று. அவர் சிரிக்கவில்லை. கோபிக்கவும் இல்லை. சந்தோசப்பட்டார். அப்படியென்றால் வேலை சுலபம், நாளை மறுநாள் அதே சோற்றைக் கூண்டுக்குள் வையுங்கள், அதே நேரம் அதேபோலக் கூப்பிடுங்கள், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும் என்றார்.

தங்கையின் தாச்சிச் சத்தம் எனக்கு அப்போது கேட்டது.

"எனக்கு ஏலாது" என்றேன் தமிழில்.

கணவரும் தமிழுக்கு மாறினார். "எத்தினை நாளாய் இந்த வேலை?"

"மூண்டு வருசமாய்."

"அப்ப காகம் எடுத்திட்டுது, காகம் எடுத்திட்டுது எண்டு நீர் சொன்னது?"

"காகம் ஒரு நாளும் எடுக்கேல்லை. அது சாப்பிட்ட பிறகுதான் நீங்கள் சாப்பிட்டனீங்கள்."

அவருடைய முகத்தைப் பார்த்திருந்தால் வேறு நாளில் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். தன் பரம எதிரியின் மிச்சத்தை மூன்று வருடம் பசியோடு காத்திருந்து சாப்பிட்டிருக்கிறார். என் கோழியைத் தின்றதுக்கே சோறு போட்டீரா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன். நான் விடவில்லை. விட்டால் பிறகு சொல்ல எனக்குத் தைரியம் வந்திராது.

"உங்களை ஒப்பரேஷனுக்குக் கொண்டுபோன அண்டைக்கும் அதுதான் வந்தது. அது திண்டு முடியத்தான் பிள்ளை போன் எடுத்தவள். எனக்குப் பயமாயிருக்கு. அதைக் கொல்ல வேண்டாம்."

அவருக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. யோசிக்கும்போது சேட்டுக்கு மேலால் நெஞ்சில் இருக்கும் தழும்பை விரலால் தடவுவார். அன்றும் மேலிருந்து கீழாகத் தடவினார். கூண்டுக்காரர் ஒன்றும் விளங்காமல் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். ஷெட்டுக்கூரையில் மூன்றாவது கோழி இறகைக் கோதிக்கொண்டிருந்தது. கடைசியில் கணவர் ஆங்கிலத்தில், கூண்டை எடுத்துக்கொண்டு போங்கள், என் மனைவிக்கு விருப்பமில்லை என்றார். பழியை என் தலையில் போட்டதற்காக நான் கோபிக்கவில்லை.

போகும்போது கூண்டுக்காரர் வாசலில் நின்று என்னிடம் சொன்னார். உங்களுக்கு அந்த நரியில் விருப்பம் என்றால் அதற்குச் சாப்பாடு போடாதீர்கள். மனிதருக்குப் பயந்த நரி எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். பயம் போன நரி ஒவ்வொரு கதவிலும் போய் நிற்கும், ஏதோ ஒரு கதவுக்காரர் என்னைப்போல ஒருவரைக் கூப்பிடுவார். அவ்வளவு கெட்டிக்காரத்தனமான பேச்சை அந்த மனிதரிடம் நான் எதிர்பார்க்கவில்லை. கொல்ல வந்தவர் கொல்லாமல் இருக்க வழி சொல்கிறார், காப்பாற்றுகிறேன் என்று நினைத்த நான்தான் மூன்று வருடமாக அதைக் கூண்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அந்த இரவு கறிக்கு உப்புப் போட மறந்தேன். கணவர் அதை மிச்சம் விடாமல் சாப்பிட்டார். அடுத்த நாள் முழுக்கக் கோழிக்கூட்டுக்கு இரும்பு வலை அடித்தார், நிலத்துக்குக் கீழேயும் ஒரு அடி புதைத்து.

சனிக்கிழமை எள்ளுச் சோறு சமைத்தேன். விரதத்தை விட எனக்கு மனமில்லை, கல்லில் வைக்கவும் வழியில்லை. ஆகவே மேல்மாடிப் பின்யன்னலின் வெளித்தட்டில் சோற்றையும் அப்பளத்தையும் வைத்தேன். கூப்பிடவில்லை. கூப்பிட்டால் யார் வருவார் என்று தெரியும். கூப்பிடாமலும் வந்தது. சரியாக ஒரு மணிக்கு ஷெட்டுக்குக் கீழேயிருந்து மூக்கு, பிறகு காது. கல்லுக்குப் போனது. வெறுங்கல்லை மோந்தது. நக்கிப் பார்த்தது. பிறகு கல்லுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து குசினிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று முதலே தீர்மானித்து வைத்திருந்தேன். தாச்சியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு கதவுக்குப் போனேன். தங்கை வரச் சொல்லித் தட்டினாள், நான் போகச் சொல்லித் தட்ட வேண்டும். பெரிய சத்தமாகத் தட்டி, கத்தி, இனி இந்தப் பக்கம் வரக்கூடாது என்று பயம் காட்ட வேண்டும். கதவைத் திறந்தேன். நரி எழுந்து நின்றது. பாதி மயிர் உதிர்ந்த வாலை ஒருமுறை ஆட்டியது. எனக்குக் கை எழும்பவில்லை. கண்ணீர் மறைத்துவிட்டது. நானும் பசியில் இருந்தேன், அதுவும் பசியில் இருந்தது, இதற்கு இப்படித்தான் நன்மை செய்ய வேண்டுமா என்று யாரையோ கேட்க வேண்டும்போல் ஆத்திரம் வந்தது.

பின்னாலிருந்து கணவர் வந்து தாச்சியை என் கையிலிருந்து வாங்கினார். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினார். டங், டங் என்று அடித்தார். நரி இரண்டு அடி பின்னுக்குப் போய் நின்று அவரைப் பார்த்தது. "போ, போ" என்று கத்தியபடி இன்னும் பலமாக அடித்தார். வலைக்குள்ளே கோழி கத்தியது, எதிர்ப்பக்கத்து வீட்டுத் திரை வழக்கம்போல் அசைந்தது. நரி வேலியடிக்குப் போய் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, ஓட்டைக்குள்ளால் போனது. அவர் கையில் தாச்சியோடு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். மேலே, யன்னல் தட்டைப் பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் சோற்றில் குத்தி வைத்த அப்பளம் அப்படியே இருப்பது நன்றாகத் தெரியும்.

உள்ளே வந்து தாச்சியை அதன் ஆணியில் மாட்டினார். "அது ஓடேல்லை" என்றார். "நடந்துதான் போனது." பிறகு கையைக் கழுவிக்கொண்டு வந்து மேசையில் இருந்தார். நேரம் இரண்டாகிவிட்டது.

"காகம் எடுத்திட்டுதோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். "எடுத்திட்டுது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அகப்பையை எடுத்து, முதலில் என் சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டார்.